ரோட்டுக்கு இந்தப் பக்கத்து வெயில்

எல்லாரும் திராட்சைய வாயில போட்டா சதையத் தின்னுட்டுக் கொட்டையத் துப்புவாக. அவரு சதைய முழுங்கிட்டுக் கொட்டைய மட்டும் முன்பல்லுல வச்சுக் கடிப்பாரு. பொட்டுக்கடலை கணக்கா நொறுங்குச்சுன்னா பழம் தயார். வழவழன்னு நசுங்குச்சுன்னா இன்னும் நாள் கெடக்கு. கடிச்சு முடிச்சதும் கண்ண மூடிக்கிட்டு பந்தலுக்குக் கீழ அப்பிடியே நிப்பாரு. நாங்களும் மூச்சு விடாம நிப்போம். கோர்ட்டுல தீர்ப்புக்கு நிக்கிறது மாதிரித்தான் இருக்கும், சிரிக்காதீக.

ஒயின் ஆலையில இருந்து வர்ற ஆளு அவரு. திருமங்கலத்துல இருந்து மேக்க போற ரோட்டுல எங்க ஊரு. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் திராட்சைப் பந்தல்தான். எந்தத் தோட்டத்துல என்னைக்கு வெட்டணும், எந்தப் பழம் ஆலைக்கு ஆகும், எது ஆகாதுன்னு சொல்றது அவரு வேல. பேரு எல்லாருக்கும் தெரியும், ஆனா ஒருத்தரும் பேரச் சொல்ல மாட்டோம். பத்தியக்காரருன்னுதான் சொல்லுவோம். நான் நேர்ல பாத்தா அண்ணேன்னு கூப்பிடுவேன்.

பத்தியக்காரருன்னு சும்மா வைக்கல. பழம் ருசி பாக்குற காலத்துல மனுசன் டீ குடிக்க மாட்டாரு, வெத்தல போட மாட்டாரு, பூண்டு வெங்காயம் தொட மாட்டாரு. சட்டப் பையில பொரி வச்சிருப்பாரு. ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் நடுவுல ரெண்டு வாய் பொரி, ஒரு மடக்குத் தண்ணி. எங்க கொழுந்தனாரு பிள்ளைக்குக் காதுகுத்து வச்சு கெடா வெட்டிச் சோறு போட்டோம். ஊரே எலும்பக் கடிச்சுக்கிட்டு இருக்கு, இவரு ஒரு மூலையில ஊறுகா கூட இல்லாம தயிர்ச்சோறு தின்னுக்கிட்டு இருக்காரு. எங்க வீட்டுக்காரரு விடுவாரா. மதுரைப் பக்கம் பொறந்துட்டு கறிக்கொழம்பப் பாத்துப் பயப்படுறீகளேண்ணேன்னு வம்பிழுத்தாரு. அவரு சிரிக்கல.

"மாப்ள, இன்னைக்கு நாக்குல காரம் ஏறுச்சுன்னா நாளைக்கு யாரோ ஒருத்தர் தோட்டத்துக்கு நான் தப்பாச் சொல்லிருவேன். பாவம்ல?"

அந்தப் 'பாவம்ல'தான் என்னய விழத் தட்டுச்சு. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு ஆளான்னு எனக்கு அப்பிடியே மனசு நெறைஞ்சு போச்சு. தயிர்ச்சோத்துல இன்னும் ரெண்டு கரண்டி அள்ளிப் போட்டேன்.

எங்க அப்பாவப் பத்தி ஒரு வார்த்த சொல்லணும். அவரு இருவது வருசத்துக்கு மேல ரோட்டுக்கு அந்தப் பக்கம், பங்களா வீட்டுக்காரக பந்தல்ல கூலிக்குக் கொடி கட்டுன ஆளு. பந்தல் வேல பாக்குறவுகளுக்கு அண்ணாந்து அண்ணாந்து கழுத்து பின்னாடி சாஞ்சே நின்னுரும். ரோட்டுல நடந்து போனாக்கூட வானத்தப் பாத்துக்கிட்டுத்தான் போவாரு. அப்பறம் இந்தப் பக்கம், ஆடு கூட எட்டிப் பாக்காத கரட்டு நெலம் ஒன்றரை ஏக்கர் வாங்கி, மூணு வருசம் கல்லாப் பொறுக்கிப் போட்டு, கல்லுக்கால் ஊண்டி, கம்பி இழுத்துப் பந்தல் போட்டாரு. கரட்டுத் தோட்டம்னு ஊர்க்காரக கேலிக்கு வச்ச பேரு. நாளாக ஆக அதே நெலச்சிருச்சு. கல்யாணம் முடிஞ்சு நானும் வீட்டுக்காரரும் அங்கயே தங்கிட்டோம். அவரு வாடகைக் கார் ஓட்டுறாரு, தோட்டம் என் பாடு.

பத்தியக்காரரு எல்லாத் தோட்டத்துக்கும் மழை அளக்குற டப்பா ஒண்ணு குடுத்தாரு. கோடு போட்ட கண்ணாடி டப்பா. தெனமும் காலையில பாத்து எழுதி போன்ல அனுப்பணும். பக்கத்துத் தோட்டத்துல அதுல கோழிக்குத் தண்ணி வச்சாக. இன்னொருத்தரு பல்பொடி போட்டு வச்சிருந்தாரு. நான் ஒருத்திதான் நோட்டு வாங்கி எழுதுனேன். ஆனா ஒரு கூத்துப் பண்ணிட்டேன். வெளிய வச்சா ஆடு தட்டி விட்டுருமேன்னு பத்திரமா பந்தலுக்குக் கீழ கொண்டு போயி வச்சுட்டேன். மேல கொடி அடர்ந்து கெடக்கு, மழையெல்லாம் எலையே குடிச்சிருது. நான் தெனமும் தூறல் தூறல்னு எழுதி அனுப்புறேன். அவரு ஒரு நாள் வந்து ஒரு பழத்தக் கடிச்சாரு, கண்ண மூடுனாரு. தங்கச்சி, உங்க நோட்டுல தூறல்னு இருக்கு, பழத்துல நல்ல மழை இருக்கு, ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுதுன்னாரு. அப்பறம் டப்பாவத் தேடிப் பாத்துட்டு கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாரு. அவரே தூக்கிக் கொண்டு போயி வெட்டவெளியில ஒரு கல்லுக்கால் மேல கட்டி வச்சாரு. நம்ம டப்பாவ விட இந்த மனுசன் நாக்கு சுத்தம்னு நான் முடிவு பண்ணுனது அன்னைக்குத்தான்.

அதுக்கப்பறம் எனக்கு ஒரு ரோசம். மழை மட்டும் எழுதாம எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சேன். பனி எம்புட்டு நேரம் நின்னுச்சு, காத்து எந்தப் பக்கம், கெணத்துல எத்தன படி தெரியுது, எல பகல்ல சோந்து தொங்குச்சா எல்லாம். நான் திருமங்கலத்துல காலேஜ் படிச்சப்பக் கூட இப்பிடி எழுதுனது இல்ல. அவரு அத வாசிச்சுட்டு, இதப் படிச்சா பழத்தக் கடிக்கவே வேணாம் தங்கச்சிம்பாரு. எனக்கு உச்சி குளுந்துரும். ஒயின்ல நாங்க சேக்குறதுக்கு ஒண்ணுமில்ல, நாலு மாசம் வானம் என்ன செஞ்சுச்சோ அதத்தான் பாட்டில்ல அடைக்கிறோம்னு அடிக்கடி சொல்லுவாரு. பூக்குறப்ப மேகம் போட்டா கொத்து ஓட்டையா நிக்கும். வெட்டுறதுக்கு முன்ன மழை பேஞ்சா பழம் தண்ணியக் குடிச்சு ஊதி வெடிச்சிரும், ஒயின் சப்புன்னு போயிரும். காய்ஞ்சு கெடந்தா பழம் சிறுத்து, தோல் தடிச்சு, சாறு கொஞ்சமாவும் ருசி நெறையாவும் இருக்கும். அவருகிட்டக் கேட்டுக் கேட்டே எனக்கு இதெல்லாம் மனப்பாடம்.

ஒரு வருசம் வெட்டப் போற வாரத்துல மூணு நாள் கோடை மழை பிடிச்சு ஊத்துச்சு. பழமெல்லாம் வெடிச்சு ஈ மொய்க்குது. பங்களா வீட்டு லோடு ஆலை வாசல்ல போயி நின்னுச்சு, கூடவே அந்த வீட்டுப் பெரியவரு கார்ல போயி எறங்குறாரு. இவரு ஒரே ஒரு பழத்தக் கடிச்சாரு. அய்யா, இதுல தண்ணிதான் இருக்கு, சந்தையில போட்டுருங்கன்னு அம்புட்டுப் பேருக்கு முன்னாடி சொல்லிட்டாரு. லாரி திரும்பிருச்சு. அடுத்தாப்புல நின்ன எங்க வண்டியையும்தான் திருப்புனாரு. எங்களுக்கு அந்த வருசம் பெரிய அடி. ஆனா எங்க அப்பா வண்டியில வர்றப்ப பூராம் சிரிச்சுக்கிட்டே வாராரு. ரெண்டு பேருக்கும் ஒரே தராசு தாயி, ஒரே தராசுன்னு எத்தன தடவ சொன்னாரோ. அவரு வாழ்க்கையில அப்பிடி ஒண்ண அதுக்கு முன்ன பாத்தது இல்ல.

அப்பறம் வந்துச்சு அந்த வருசம்.

மழை ஐப்பசியோட முடிஞ்சு போச்சு. மார்கழி மொத வாரம் கவாத்து பண்ணுனோம், அதாவது கொடிய வெட்டி விட்டோம். தை கடைசியில பூ. ஒரு பொட்டு மேகம் இல்ல. மாசியில கெணறு அடி தட்டிருச்சு, பாதித் தண்ணிதான் விட முடிஞ்சுது. கொடி செத்துருமோன்னு எனக்குப் பக்குபக்குங்குது. பங்குனியில பழம் கருக்க ஆரம்பிச்சப்பப் பாத்தா ஒவ்வொண்ணும் சுண்டைக்கா சைசுக்குத்தான் இருக்கு, ஆனா நெறம் மை மாதிரி. வெட்டுறதுக்கு ஒரு வாரம் இருக்கிறப்ப ஒரு மத்தியானம் கருக்குன்னு மேகம் ஏறுச்சு. அப்பா பந்தலுக்குக் கீழ உக்காந்து மழை பேஞ்சுறக் கூடாதுன்னு கும்புட்டுக்கிட்டு இருக்காரு. இடி இடிச்சு, காத்தடிச்சு, மழை எறங்குச்சு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் மட்டும். கோடை மழை அப்பிடித்தான், எரும மாட்டுக்கு ஒரு கொம்புல பேயும் இன்னொரு கொம்புல பேயாதும்பாக எங்க பக்கம். பங்களா வீட்டுப் பந்தல்ல வேல பாத்தவுக தொப்பத் தொப்ப நனைஞ்சு ஓடுறாக, நான் இந்தப் பக்கம் வெயில்ல நின்னு பாக்குறேன். டப்பாவுல ஒரு சொட்டு இல்ல. நோட்டுல எழுதுனேன்: ரோட்டுக்கு அந்தப் பக்கம் நல்ல மழை, இந்தப் பக்கம் வெயில் அப்பிடியே நிக்கிது.

மறுநா காலையில பத்தியக்காரரு வந்தாரு. கடிச்சாரு. கண்ண மூடுனாரு. ரொம்ப நேரம் தொறக்கல. அப்பறம் கைய நீட்டி இன்னொரு பழத்தப் பறிச்சு வாயில போட்டாரு. அவரு ரெண்டாவது பழம் தின்னு நாங்க பாத்ததே இல்ல. தங்கச்சி, இத யாரு பழத்தோடயும் கலக்க விட மாட்டேன், தனியா வைக்கப் போறேன்னாரு. அப்பாவோட கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாரு.

"பாட்டில்ல உங்க தோட்டத்துப் பேருதான் வரும். இது சத்தியம்யா."

"எழுதியா சார்?" அப்பாவுக்கு நம்ப முடியல.

"எழுதித்தான்யா."

எங்க அப்பா ஒரு சொட்டுக் குடிச்ச ஆளு இல்ல. குடிக்கிறவுகளக் கண்டாலே ஆகாது. அந்த மனுசன் டீக்கடையில, பஸ் ஸ்டாப்புல, ரேசன் கடை வரிசையில எல்லாம் எங்க தோட்டத்துப் பேரு பாட்டில்ல வரப் போகுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. சரக்குப் பாட்டிலுக்கா இம்புட்டு அலட்டல்னு கேலி பண்ணுனாக. அவருக்கு அதெல்லாம் காதுல ஏறல. பட்டாவத் தவிர வேற எந்தக் காயிதத்துலயும் அந்த மண்ணுக்கும் அவருக்கும் உள்ள ஒறவ எவனும் எழுதி வச்சது கெடையாது. சாகுறதுக்குள்ள ஒரு தடவ கண்ணால பாத்துறணும்னு இருந்தாரு. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு. பத்தியக்காரரு வர்றப்பெல்லாம் எங்க வரைக்கும் இருக்கு சார்னு கேப்பாரு. பீப்பாயில தூங்குதுய்யா, எழுப்பக் கூடாதும்பாரு. அப்பா சரி சரின்னு மெதுவாப் பேசுவாரு, ஏதோ பக்கத்து ரூம்லயே தூங்குற மாதிரி.

பாட்டில் வெளியிடுறோம், வாங்கன்னு ஒரு நாள் ஆலை ஆபீஸ்ல இருந்து போன் வந்துச்சு. பத்தியக்காரரு பண்ணல, வேற யாரோ ஒரு பொண்ணு. விழா பங்களா வீட்டு முத்தத்துல. எனக்கு அப்பவே ஒரு மாதிரி இருந்துச்சு. அப்பா சொன்னாரு, நம்மகிட்ட பத்து சேர் போட எடம் இருக்கா தாயி, அங்கதான் வைப்பாகன்னு. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு வந்தாரு. சாமியானா, மைக்கு, சந்தனம், பன்னீரு. ரெண்டாவது வரிசையில உக்காந்தோம். மேடைக்குப் பக்கத்துல பத்தியக்காரரு நிக்கிறாரு. எங்களப் பாக்கல. காலையில பதினோரு மணிக்கு மனுசன் டீ குடிச்சுக்கிட்டு இருந்தாரு. இன்னைக்கு அவரு நாக்குக்கு வேல இல்லன்னு தெரிஞ்சு போச்சு.

துணிய விலக்குனாக. பெரிய படத்துல பாட்டில். முன்னாடி பங்களா படம், கீழ பங்களாத் தோட்டம்னு பேரு. எல்லாரும் கை தட்டுனாக. பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு மேனேஜர் மைக்குல தமிழ்ல வாசிச்சாரு. அந்த வருடம் ஊரெல்லாம் கோடை மழை. இந்தத் தோட்டத்தில் மட்டும் வெயில் அப்படியே நின்றது. காலையில் பனி, கிணற்றில் கடைசிப் படி தெரிந்தது, இலை பகலில் சோர்ந்து மாலையில் எழுந்தது. எல்லாம் என் நோட்டு. கொஞ்சம் சட்ட மாட்டி விட்டிருக்காக, அம்புட்டுத்தான். என் எழுத்து எனக்குத் தெரியாதா? அன்னைக்கு அந்தப் பந்தல்ல நனைஞ்சு ஓடுன ஆளுகளும் அங்கதான் உக்காந்திருக்காக. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாக. பேரப் பிடுங்குனது கூட அப்பறம். எங்க வெயிலையே தூக்கிக் கொண்டு போயி மழை பேஞ்ச எடத்துல ஒட்டி வச்சுட்டாக.

அப்பாவுக்கு ஒண்ணும் புரியல. வெயில் நின்னுச்சுன்னு மைக்குல சொன்னதும் அது நம்ம தோட்டந்தான்னு கை தட்டுனாரு. வந்த விவசாயிகளுக்கெல்லாம் ஆளுக்கொரு பாட்டில் குடுத்தாக. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. பாட்டிலத் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு.

"நம்ம பேரு எந்தப் பக்கம் தாயி இருக்கு?"

நான் மேடைப் பக்கம் பாத்தேன். பத்தியக்காரரு டீ கிளாசுக்குள்ள எதையோ தேடுற மாதிரி குனிஞ்சிருந்தாரு.

"பின்னாடி இருக்குப்பா," அப்பிடின்னுட்டேன்.

அப்பா அந்தப் பாட்டிலக் கொண்டு வந்து டிவி மேல வச்சாரு. முன்பக்கம் செவத்தப் பாக்க, பின்பக்கம் வீட்டப் பாக்க. வர்றவுக போறவுககிட்ட எல்லாம் அதத்தான் காட்டுவாரு. எங்க ஊர்ல படிக்கத் தெரிஞ்சவுகளுக்கு உண்மை தெரியும். பாவம், ஒருத்தரும் அவருகிட்டச் சொல்லல.

அடுத்த கவாத்துக்கு பத்தியக்காரரு எப்பவும் போல வந்து நிக்கிறாரு. நான் சுத்தி வளைக்கல. அந்தப் பாட்டில்ல இருக்கிறது எந்தத் தோட்டத்துப் பழம்னு கேட்டேன். ஒரு நிமிசம் கூட யோசிக்கல.

"உங்களுதுதான் தங்கச்சி. அதுல சந்தேகமே இல்ல."

இந்தா பாருங்க, அந்தப் பந்தலுக்குக் கீழ, என்னயத் தவிர வேற ஆளு இல்லாத எடத்துல, உண்மை எப்பிடிச் சரளமா வருது. அப்பறம் என்னென்னமோ சொன்னாரு. ஒயின் வாங்குறவுக தோட்டத்தப் பாக்க வருவாகளாம், அவுகளுக்குக் காட்ட ஒரு பங்களா வேணுமாம், கரடுன்னு பேரு போட்டா யாரும் வாங்க மாட்டாகளாம். நான் ருசி சொல்ற ஆளு, பேரு ஒட்டுறது ஆபீஸ்னாரு. சரிண்ணே, பின்னாடி ஒட்டுன எழுத்த ஆபீசுக்கு யாரு குடுத்ததுன்னு கேட்டேன். என் நோட்டு அவரு போன்லதான இருக்கு. அவரு சட்டப் பையில ஒட்டியிருந்த பொரித் தூளத் தட்டி விட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்கு அழுக வரல, வயிறு எரிஞ்சுச்சு. பங்களா வீட்டுக்காரக மேல கூட எனக்கு அம்புட்டுக் கோவம் இல்ல. அவுக எங்களுக்கு என்னைக்கும் சத்தியம் பண்ணுனது கெடையாது.

அவரு கெளம்பப் பாத்தாரு. அதுக்குள்ள அப்பா வீட்டு வாசல்ல இருந்து கூப்பிட்டுட்டாரு. கையில பாட்டில். எம் மக படிச்சுச் சொல்லிருச்சு, இருந்தாலும் உங்க வாயால ஒருக்கா கேக்கணும் சார்னு நீட்டுறாரு. பத்தியக்காரரு பாட்டில வாங்கிக்கிட்டு என்னயப் பாத்தாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கல, நேராப் பாத்தேன். ஒதவ மாட்டேன்னு இருந்தேன். இந்த நாக்கு இப்ப என்ன செய்யிதுன்னு பாப்போம், தடுமாறட்டும், அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். அப்பா மனசு ஒடைஞ்சாலும் பரவால்லன்னு ஒரு நிமிசம் நெனச்சேன், அது உண்மை.

அவரு வாசிச்சாரு. ஊரெல்லாம் மழை, இந்தத் தோட்டத்துல மட்டும் வெயில் அப்பிடியே நின்னுச்சு, பனி, கெணறு, எல எல்லாம் வாசிச்சாரு. எழுத்து அதோட முடிஞ்சு போச்சு. அவரு முடிக்கல. பழத்தக் கடிச்சுட்டு மூடுவாருல்ல, அதே மாதிரி கண்ண ஒரு தடவ மூடித் தொறந்தாரு.

"கரட்டுத் தோட்டம்," அப்பிடின்னு சொல்லி, எங்க அப்பா பேரையும் மளமளன்னு சேத்து வாசிச்சாரு.

ஒரு எடத்துல தடங்கல் இல்ல. அப்பா துண்டால கண்ணத் தொடச்சுக்கிட்டாரு. சாருக்கு டீ போடு தாயின்னாரு. போட்டேன். குடிச்சாரு, சீனி கொஞ்சம் கூடன்னு கூடச் சொன்னாரு. நானும் பொய் சொன்னவதான், இல்லங்கல. ஆனா அந்த மூஞ்சிய, அந்த மூடுன கண்ண எத்தன வருசம் நம்பியிருக்கேன். லாரியத் திருப்புனாரே, அன்னைக்குச் சொன்னது நெசந்தானா? என் நோட்டப் படிச்சா பழத்தக் கடிக்க வேணாம்னாரே, அது? இப்ப உக்காந்து ஒவ்வொண்ணா எடுத்துக் கடிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன், எதுவுமே நொறுங்க மாட்டேங்குது.

இப்ப நாங்க ஆலைக்குப் பழம் போடுறது இல்ல. மாட்டுத்தாவணிக்கு வண்டி ஏத்திருறோம், பழமாவே தின்னுட்டுப் போறாக. அப்பாகிட்ட ஆலைக்கு இந்த வருசம் வேணாமாம்னு சொல்லி வச்சிருக்கேன். பாட்டில் டிவி மேல அதே மாதிரிதான் நிக்கிது. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம அவரே தூசி தட்டித் திரும்பவும் அதே பக்கமா வச்சுக்கிருவாரு.

டப்பாவ நான் கழட்டல. கல்லுக்கால் மேல இன்னும் இருக்கு, நோட்டும் எழுதுறேன், பழகிப் போச்சு. அனுப்புறது மட்டும் இல்ல. போன வாரம் கோடை மழை. இந்தத் தடவ எங்க பக்கம் நல்லாப் பேஞ்சுச்சு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தூசி கூட அடங்கல. மறுநா காலையில ரொம்ப நாளைக்கு அப்பறம் அவரு போன் பண்ணுனாரு. ஒண்ணுமே நடக்காத மாதிரி நல்லா இருக்கீகளா தங்கச்சின்னாரு, மழை எம்புட்டுன்னு கேட்டாரு. கணக்குப் பாக்க எறக்குன டப்பா என் கையிலதான் இருந்துச்சு, கோடு தெளிவாத் தெரியுது.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேளுங்கண்ணே," அப்பிடின்னுட்டு, தண்ணியக் கொடிக்கு ஊத்துனேன்.